உஷார்! தொட்டியில் நாற்றம் நின்றுவிட்டதா? அப்போதுதான் ஓட வேண்டும்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்தப் பக்கம் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிற மகனோ, கணவரோ, தம்பியோ உங்கள் வீட்டில் இருக்கிறாரா? கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். படித்ததை இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்காதீர்கள்!

இறங்கினவர் விழுந்துவிட்டால், காப்பாற்றவும் இறங்காதீர்கள்!

இரண்டாவது வரிக்கு உங்கள் மனசு ஒப்பாது. "கண்ணெதிரே ஒருத்தன் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?" என்று கேட்பீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், நடந்ததைக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்துத் தோல் ஷாப் ஒன்று. பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் பட்டது போதும். ஞாயிற்றுக்கிழமை. டிரம் ஓடவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு. "ரெண்டு நிமிஷ வேலை" என்றார் மேஸ்திரி. வருஷக்கணக்கில் அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்து பழகிய பெரியவர் ஒருவர், முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அடியில் கிடந்த கசட்டைக் கிளறினார். பேச்சு நின்றது. ஆளும் விழுந்தார். மேலே நின்றவர் "அண்ணே!" என்று அலறிக்கொண்டே இறங்கினார். அவரும் எழவில்லை. மூன்றாவதாக ஏணியில் கால் வைத்தது, முதலில் விழுந்தவரின் தம்பி மகன். இருபத்து சொச்சம் வயசு. வயதான தொழிலாளி ஒருவர் அவனை மறித்து, இடுப்பில் கயிற்றைக் கட்டாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தக் கயிறுதான் அவனை மேலே இழுத்தது. மற்ற இருவரும் பிணமாகத்தான் வந்தார்கள்.

பிழைத்த பையன் சொன்னான்: "மேல நிக்கும்போது அழுகுன முட்டை நாத்தம் கொடலப் பொரட்டுச்சுக்கா. நாலு படி எறங்குனதும் நாத்தமே இல்ல. காத்து வந்துடுச்சு, இனிமே பயமில்லன்னு நெனச்சேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

நாற்றம் போகவில்லை. அவன் மூக்கு செத்துவிட்டது!

அந்த வாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள் அல்லவா? அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் தனியாக இருக்கும்வரை வாயு அடங்கிக் கிடக்கும். தோலை அமிலத்தில் ஊறவைத்த (பிக்கிள்) தண்ணீரோடு கலந்த நொடியில் பொங்கி வெளியே வரும். நாள்கணக்கில் தேங்கிய கசட்டில் கிருமிகளும் இதே வாயுவை உண்டாக்கும். அது கசட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். காலை வைத்துக் கிளறினால் ஒரே மூச்சாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியிலேயே தங்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். குனிந்தவர் விழுவார்.

தலையில் மல்லிகைப் பூ வைத்தவளுக்கே சற்று நேரத்தில் அதன் வாசனை தெரிவதில்லை. மூக்கு எதற்கும் பழகிவிடும். இந்த வாயு அதைவிடக் கொடியது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு சேர்ந்தால், மோப்ப நரம்பையே சில நிமிடங்களில் மரக்கச் செய்துவிடும். 700, 1000 பங்கு என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

மூக்கை நம்பாதீர்கள். மனசையும் நம்பாதீர்கள்!

ஆமாம், மூக்கைப் போலவே மனசும் மரத்துப்போகும். மனித நடத்தையை ஆராய்ந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

1986 ஜனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். ஏன் என்று பல வருடம் ஆராய்ந்தார் டயான் வான் என்ற சமூகவியல் அறிஞர். கோளாறு இருப்பது முன்பே தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் விண்கலம் பத்திரமாகத் திரும்பியதால், அந்தக் கோளாறே வழக்கமாகிவிட்டது. "இத்தனை வருஷமா எறங்குறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்று நம்மவர்கள் சொல்வதும் இதே பேச்சுதான். அது தைரியம் இல்லை. ஆபத்து பழகிப்போனதன் அடையாளம்.

இன்னொன்று கேளுங்கள். 1968-ல் லாட்டனே, டார்லி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு அறைக்குள் மெல்லப் புகையை விட்டார்கள். தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேரை ஒன்றும் தெரியாததுபோல் உட்கார வைத்தபோதோ, 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள்! மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். மேஸ்திரி சும்மா நிற்கிறார், சீனியர் சும்மா நிற்கிறார், நான் மட்டும் பயந்தால் சிரிப்பார்களே என்று உங்கள் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றிலும் பெரிய கண்ணி பாசம். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது: தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், காப்பாற்றப் போனவர்கள்! அண்ணன் விழுந்தால் தம்பி குதிக்கிறான். யோசிப்பதற்கு முன்பே கால் போய்விடுகிறது. அதனால்தான் இன்றைக்கே யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தோல் கழிவுத் தொட்டி உயிர் வாங்குவது எங்கோ நடப்பது இல்லை. 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 பிப்ரவரியில், கொல்கத்தா பக்கம் பாந்தலா தோல் வளாகத்தில் சாக்கடை வேலைக்குப் போன 3 பேர் இறந்தார்கள்.

இந்த அறிகுறிகளை மனப்பாடம் செய்யுங்கள்:

1. அழுகிய முட்டை நாற்றம் வந்து, திடீரென்று நின்றுவிடுகிறது. உடனே வெளியே ஓடுங்கள்!

2. கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது. "வெயிலால் இருக்கும்" என்று விடாதீர்கள்.

3. சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில் ஓடுகின்றன. அடைப்பை எடுக்க யாரோ அமிலம் ஊற்றுகிறார்கள். இது வாயுவைக் கையால் தயாரிப்பதற்குச் சமம்.

4. லீவு நாட்களில் மூடிக்கிடந்த தொட்டியை அன்றுதான் திறக்கிறார்கள்.

5. ஞாயிறு, இரவு என்று மேலதிகாரி இல்லாத நேரத்தில் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள்.

6. "ரெண்டு நிமிஷம்தான்" என்கிறார்கள். கூடக் காசு தருகிறார்கள். குடிக்க ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

7. வாயு அளக்கும் மீட்டர் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அல்லது "சும்மா கத்துது" என்று அணைத்து வைத்திருக்கிறார்கள்.

8. எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருக்கிறது. வேலை செய்பவருக்கோ இந்தியும் வங்காளமும்தான் தெரியும்.

ஈரத்துண்டு காப்பாற்றாது. கொரோனா காலத்து மாஸ்க் காப்பாற்றாது. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம்: விளக்கு எரிந்தாலும் விஷவாயு இருக்கலாம், எரியும் வாயுவான மீத்தேன் இருந்தால் தீப்பிடித்துவிடும்.

யாராவது விழுந்துவிட்டால்?

கத்துங்கள், கூட்டத்தைக் கூட்டுங்கள். 101-க்குப் போன் போட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், சுவாசக் கருவி அவர்களிடம் இருக்கும். 108-ஐயும் அழையுங்கள். புளோயர் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே செலுத்துங்கள். விழுந்தவர் இடுப்பில் கயிறு இருந்தால் மேலே நின்றே இழுங்கள். கயிறு இல்லையென்றால் இறங்க முயல்பவரைக் கட்டிப் பிடித்து நிறுத்துங்கள். அவர் உங்களைத் திட்டட்டும். அடிக்கட்டும். விடாதீர்கள்!

ஆபத்தான வாயு இல்லை என்று சோதித்து எழுத்தில் சான்று தந்தால் ஒழிய, சுவாசக் கருவி மாட்டி, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்காமல் விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது என்று 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் 36-வது பிரிவிலேயே எழுதி வைத்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்காக வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்த நாட்டின் சட்டமாக அறிவித்தது. தண்ணீருக்காக அவ்வளவு போராடிய ஊர், தன் பிள்ளைகளின் மூச்சுக்காக ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

அதனால் இன்று இரவு சாப்பாடு போடும்போதே கேளுங்கள்: "உங்க ஷாப்புல தொட்டிக்குள்ள ஆள் எறங்குறாங்களா? மீட்டர் இருக்கா? கயிறு இருக்கா?" இல்லை என்று பதில் வந்தால், நாளைக் காலை அவரையும் கூட நாலு பேரையும் சேர்ந்து போய் மேனேஜரிடம் கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் பயம் வரும், சேர்ந்து கேட்டால் வராது. அவரை வேலைக்கு அனுப்பும் முன் ஒரு வாக்கு வாங்குங்கள்: யார் சொன்னாலும், யார் விழுந்தாலும், கருவி இல்லாமல் இறங்கமாட்டேன். வாங்காமல் அனுப்பாதீர்கள்!