ஊர் பெயருக்கு எத்தனை எழுத்து?

கொல்கத்தா. தமிழில் ஐந்து எழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளைகூட எண்ணிச் சொல்லிவிடும். கம்ப்யூட்டரைக் கேட்டால்? பிஎச்பி மொழியில் நீளம் அளக்கும் சாதாரணக் கட்டளை சொல்லும் விடை: 27. வங்காளிகள் இதே பெயரை அவர்கள் எழுத்தில் நாலே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு விடை 18.

வங்காளத்தில் வலைப்பதிவு நடத்த சாஃப்ட்வேரைப் பிரித்து மேயும் எந்த டெவலப்பரும் இந்தக் கணக்கில் முட்டிக்கொள்ளாமல் தப்ப முடியாது. காரணம் எளிது. யூனிகோடை இணையத்தில் சேமிக்கும் வழக்கமான முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கும் வங்காளிக்கும் மூன்று வேண்டும். போதாக்குறைக்கு, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். அந்தக் கட்டளை எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை.

விளைவு வேடிக்கையானதல்ல. பதிவின் சுருக்கத்தை 100 பைட்டில் வெட்டச் சொன்னால் கடைசி எழுத்து பாதியில் அறுந்து கேள்விக்குறியாக நிற்கும். 2003-ல் பிறந்து உலகெங்கும் பரவிய வேர்ட்பிரஸ், தலைப்பிலிருந்து பதிவின் முகவரியைத் தயாரிக்கிறது. அதற்கு 200 இடம்தான். முகவரியில் நம் குறியீடு ஒவ்வொன்றும் ஒன்பது இடத்தை விழுங்கும். 'கொல்கத்தா' என்ற ஒற்றைச் சொல்லுக்கே 81 இடம் காலி! மூன்றாவது முறை எழுத இடமிராது.

வங்காளிகளுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: 'கண்ட த' என்ற எழுத்து. எதிர்காலத்தைக் குறிக்கும் அவர்களின் 'பவிஷ்யத்' இதில்தான் முடிகிறது. 2005-ல் யூனிகோடின் 4.1 பதிப்பு வரும்வரை அதற்குத் தனி இடம் இல்லை. மூன்று குறியீடுகளை ஒட்டவைத்துத்தான் எழுதினார்கள். பழைய பதிவில் ஒரு வடிவம், புதிய பதிவில் வேறு வடிவம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எளிய தேடல் நிரலுக்கோ வெவ்வேறு. பழையதைத் திருத்தி எழுதாவிட்டால் கண்ணெதிரே இருக்கும் பதிவும் தேடலில் சிக்காது.

இத்தனைக்கும் கொல்கத்தாவுக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1950-களின் நடுவில் வந்திறங்கியதே இங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில்தான். 1966-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அந்நிறுவனம் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கியது. அந்த ஊரின் மொழியில் ஓர் எழுத்துக்கு இடம் கிடைக்க மேலும் 39 ஆண்டு ஆனது.

மருந்து இல்லாமலில்லை. 2009-ல் வந்த பிஎச்பி 5.3-இல் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எண்ணும் கட்டளை சேர்ந்தது. அதனிடம் கேட்டால் தமிழுக்கு 5, வங்காளிக்கு 4 என்று சரியாகச் சொல்கிறது. ஆனால் அது தானாக ஓடி வராது. டெவலப்பர்தான் தேடிப்பிடித்து எழுத வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு அப்படியொரு தேவை இருப்பதே தெரியாது. தன் ஊர் பெயரை ஒருமுறை தன் மொழியில் தட்டிப் பார்ப்பவருக்கு உடனே தெரியும்.