தொடக்கநிலைக் கேமராவில் டைம்லாப்ஸ்: புதுச்சேரிக் கடற்கரையில் படமெடுத்தல்

டைம்லாப்ஸ் அல்லது காலச்சுருக்கப் படமெடுப்பு என்பது, அசையாமல் நிறுத்திய ஒரு கேமராவால் குறிப்பிட்ட இடைவெளி விட்டுத் தொடர்ந்து ஒளிப்படங்கள் எடுத்து, அவற்றை வினாடிக்கு 24 அல்லது 25 படங்கள் என்ற வேகத்தில் காணொளியாக ஓடவிடும் முறையாகும். மணிக்கணக்கில் நடக்கும் மாற்றம் சில வினாடிகளில் கண்முன் நிகழும். மொட்டு மலர்வது, மேகம் திரள்வது, கட்டடம் எழுவது ஆகியவை இம்முறையில் அதிகம் படமாக்கப்படுகின்றன.

இதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியன்று எனத் தெரியும். முழு ஹெச்டி காணொளியின் ஒரு சட்டகத்தில் இருப்பவை 1920 × 1080 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 4கே காணொளிக்குக்கூட 8.3 மெகாபிக்சல் போதும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவான கேனன் 1500டி 24 மெகாபிக்சல் தருகிறது. தெளிவில் குறையேதும் இல்லை. பல தொடக்கநிலைக் கேமராக்களில் இல்லாதது ஒன்றுதான்: இடைவெளி விட்டுத் தானே படமெடுக்கும் வசதி.

இக்குறையைப் போக்க எளிய வழிகள் உண்டு. ரிமோட் துளை உள்ள கேமராக்களில் இன்டர்வெலோமீட்டர் என்ற சிறு கருவியைச் செருகலாம். மற்ற நிறுவனங்கள் தயாரிப்பவை மலிவாகவே கிடைக்கின்றன. கேனன் பவர்ஷாட் வகைச் சிறு கேமராக்கள் பலவற்றுக்கு சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள் உள்ளது. அதை மெமரி கார்டில் இட்டுக் கேமராவை இயக்கினால் இடைவெளிப் படமெடுப்பு கைகூடும். கேமராவின் சொந்த மென்பொருள் மாறுவதில்லை. பெட்டியில் தூங்கும் பழைய பவர்ஷாட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

இடைவெளிக் கணக்கு

டைம்லாப்ஸில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இடைவெளி. அதை நிர்ணயிப்பது கேமரா அன்று, எடுக்கப்படும் பொருளின் வேகம். இதைக் கற்க புதுச்சேரியின் கடற்கரைச் சாலை மிகவும் ஏற்ற இடம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கு வாகனங்களுக்கு அனுமதியில்லை என்பதால் முக்காலியை நிம்மதியாக நிறுத்தலாம். வெவ்வேறு வேகத்தில் நகரும் பொருள்கள் ஒரே பார்வையில் அங்கே அமைகின்றன. அலைக்கும் நடைப்பயிற்சி செல்வோருக்கும் 1 முதல் 2 வினாடி இடைவெளி பொருந்தும். மேகத்துக்கு 3 முதல் 5 வினாடி, சூரியனுக்கு 10 வினாடி.

10 வினாடிக் காணொளிக்கு வினாடிக்கு 25 வீதம் 250 படங்கள் வேண்டும். மேகத்தை 5 வினாடி இடைவெளியில் எடுத்தால் 1250 வினாடிகள், அதாவது ஏறக்குறைய 21 நிமிடங்கள் நிற்க வேண்டும். சூரியோதயத்துக்கு முன்னும் பின்னும் 45 நிமிடங்கள் வீதம் 10 வினாடிக்கு ஒரு படம் எடுத்தால் 540 படங்கள் சேரும். திரையில் அது 22 வினாடிகூட ஓடாது. 1500டியின் பேட்டரி ஒரு மின்னேற்றத்தில் சுமார் 500 படங்கள் தரும் என்பது நிறுவனக் கணக்கு. அது பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் பயன்படுத்திக் கணித்தது. ஃபிளாஷ் இல்லாமல், எடுத்த படத்தைத் திரையில் காட்டும் வசதியையும் அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதலாகத் தாங்கும்.

சூரியோதயம்

புதுச்சேரிக்குக் கிழக்கே கடல். ஆகவே கடலிலிருந்து சூரியன் எழுவதைப் படமாக்கலாம். கடலில் மறைவதை எடுக்க இயலாது. ஊர் ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் சூரியன் எழும் திசை நேர்கிழக்கிலிருந்து ஜூனில் 24 பாகை வடக்காகவும் டிசம்பரில் 24 பாகை தெற்காகவும் விலகும். கேமராவுடன் வரும் 18–55 மிமீ லென்ஸ், 18 மிமீ நிலையில் அகலவாக்கில் சுமார் 63 பாகை காட்டும். நேர்கிழக்கே நோக்கி வைத்தால் ஆண்டின் எல்லா உதயங்களும் அந்த ஒரே சட்டகத்தில் அடங்கிவிடும். சூரியன் தன் விட்டத்தின் அளவு நகர ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். 10 வினாடி இடைவெளியில் இது 12 படங்கள், திரையில் அரை வினாடி. அடிவானத்திலிருந்து சூரியன் துள்ளி எழுவது போலத் தோன்றுவது இதனால்தான்.

வெப்பமண்டலத்தில் விடியல் மிக விரைவானது. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழிருந்து மேலே வர இங்கே சுமார் 22 நிமிடங்களே ஆகும். இந்நேரத்தில் ஒளி பல மடங்கு கூடுவதால், தொடக்கத்தில் சரியாக இருந்த அமைப்பு முடிவில் படத்தை வெளுக்க வைத்துவிடும். பகல்நேர மேகங்களுக்கு ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கையால் நிலைநிறுத்துவதே முறை. உதயத்துக்கு மட்டும் அபெர்ச்சரை நிலைநிறுத்தி ஷட்டரைக் கேமராவின் பொறுப்பில் விடலாம். இவ்வாறு எடுத்தால் படத்துக்குப் படம் ஒளி சற்றே ஏறியிறங்கிக் காணொளி மினுக்கும். அதைப் பின்னர் மென்பொருளால் சமன் செய்யலாம். ஷட்டரைத் தொடத் தொடக் கேமரா அசைவதைவிட இந்த மினுக்கம் எவ்வளவோ மேல். அபெர்ச்சரை முழுதும் திறந்து வைத்தால் மினுக்கம் இன்னும் குறையும். சுருக்கிய அபெர்ச்சரின் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும்போது மயிரிழை அளவு மாறுபடும். முழுதும் திறந்திருந்தால் அவை அசைவதே இல்லை.

எந்தப் படப்பிடிப்பாயினும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடக்கூடாது. ஃபோகஸையும் கையால் அமைத்துப் பூட்டிவிட வேண்டும். முக்காலியில் நிற்கும்போது லென்ஸின் அதிர்வுத்தடுப்பை அணைப்பது நல்லது. சூரியன் ஏறிய பின் ஒளியியல் வியூஃபைண்டர் வழியாக அதைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்தானது.

கடற்கரையில் வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் ஈரக்காற்று பட்டு லென்ஸ் பனிமூட்டம் போடும். அரைமணி நேரம் மூடிய பைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். காற்றில் வரும் உப்புத்திவலை லென்ஸின் மேல் படிந்தால் அடுத்து வரும் அத்தனை படங்களிலும் அந்தப் புள்ளி இருக்கும். இடையில் துடைக்கப் போனால் சட்டகம் நகரும். ஆகவே யூவி ஃபில்டரை மாட்டி, தொடங்கும் முன்பே துடைத்துவிட வேண்டும்.

மேகத்துக்கு மருந்தில்லை. 1769 ஜூன் 4 காலை, சூரியனை வெள்ளி கடப்பதைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டில் இதே ஊரில் காத்திருந்தார். 1761இல் நிகழ்ந்த முந்தைய கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகியிருந்ததால் அவர் கப்பலிலேயே இருக்க நேர்ந்தது. முறையாக அளக்க முடியவில்லை. 8 ஆண்டுகள் கழித்து, நேரம் வந்தபோது மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பின் சூரியன் நன்றாகக் காய்ந்தது. அடுத்த வெள்ளிக் கடப்பை 1874இல் ஜப்பானிலிருந்து நோக்கிய மற்றொரு பிரெஞ்சுக்காரர் ஜூல் ஜான்சென், 72 வினாடிகளில் 48 படங்கள் எடுக்கும் சுழல் கேமராவை உருவாக்கியிருந்தார். சீரான இடைவெளியில் தானே படமெடுக்கும் கருவிகளின் முன்னோடிகளுள் அது ஒன்று.

மணலின் வேகம்

கடற்கரைச் சாலையில் மிக மெதுவாக நகர்வது மணல். அதைப் படமாக்கியிருந்தால் ஊருக்கே பயன்பட்டிருக்கும். இக்கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே செல்லும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்கில் சேர்ந்தது. வடக்கில் நகரின் மணற்கரை அரிக்கப்பட்டு, பாறைகளைக் கொட்டிச் சாலையைக் காக்க வேண்டியதாயிற்று. பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்று 2018இல் அமிழ்த்தப்பட்டது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் கரையில் இடப்பட்டு, மணற்பரப்பு ஒரு பகுதியில் திரும்பியது.

இத்தகைய மாற்றத்துக்கு நாளுக்கொரு படம் என்பதும் சரிவராது. கடலின் ஏற்ற இறக்கம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரே மணிக்கு எடுத்தாலும் நீர்மட்டம் வேறாகவே இருக்கும். அதை மணல் அரிப்பாகவும் சேர்ப்பாகவும் தவறாக எண்ண நேரிடும். ஆனால் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஒரே மணி நேரத்தில் ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். அந்நாள்களில் காலை 7 மணிக்கு ஒரு படம் எடுத்தால் ஆண்டுக்கு 24 அல்லது 25 படங்கள் சேரும். திரையில் ஓராண்டு ஒரு வினாடி. துறைமுகச் சுவர் எழுந்தது முதல் 2018 வரை யாரேனும் இவ்வாறு எடுத்திருந்தால், மணற்கரை போனதும் வந்ததும் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப் திட்டம், கைப்பேசியை வைக்கக் கடற்கரையில் ஒரு தாங்கியை நிறுவி, பொதுமக்கள் எடுக்கும் படங்களிலிருந்து கரைக்கோட்டை அளக்கிறது.

இதற்கு முக்காலி எப்போதும் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. தரையில் அழியாத ஓர் அடையாளம், மாறாத உயரம், லென்ஸில் 18 மிமீ என்ற ஒரே நிலை, சட்டகத்துக்குள் நகராத இரண்டு பொருள்கள் இருந்தால் பின்னர் கணினியில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடலாம். 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கற்றூண்களும் இதற்கு நல்ல குறிகள். கடலுக்குள் நீண்டிருந்த பழைய துறைமுகப் பாலத்தைக் குறியாகக் கொண்டிருந்தால் இடர்ப்பட நேர்ந்திருக்கும். அதன் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.