பனி உருகிய ஏரியில் எந்தக் கரை?

ஒரு கேள்வி. குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த ஏரி இப்போதுதான் உருகியிருக்கிறது. தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். தூண்டிலோடு வந்தவர் எந்தக் கரையில் போய் உட்கார வேண்டும்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கேட்டுப் பாருங்கள், வடகரைக்குப் போகச் சொல்வார்கள். வடக்கு என்றால் குளிர் கூடுதலாயிற்றே என்றுதானே தோன்றுகிறது? ஆனால் அந்த ஊர்ப் பக்கம் சூரியன் தெற்கு வானில் சாய்ந்தே போகும். அதனால் வடகரையில்தான் வெயில் நன்றாக விழும். வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றும் அங்கே அவ்வளவாகத் தாக்காது. அந்தப் பக்கம் ஆழமில்லாத, கருஞ்சேறு படிந்த ஒரு சின்னக் குடா இருந்துவிட்டால் யோகம்தான்! கருஞ்சேறு வெயிலைக் குடித்து, மேலே நிற்கும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும். சேற்றுக்குள் இருக்கும் புழு பூச்சிகள் நெளியத் தொடங்கும். அவற்றைத் தேடிப் பொடிமீன்கள் வரும். பொடிமீன்களைத் தேடி கிராப்பி வரும். வெள்ளி உடம்பில் கரும்புள்ளி தெளித்த அழகான மீன் அது! முட்டையிடும் காலம் இன்னும் வரவில்லை. இப்போது வருவது பசிக்குத்தான்.

விடியலிலேயே ஓட வேண்டாம். வெயில் ஏறி, பிற்பகலில் போனால் போதும். மீன் மாட்டியதும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். கிராப்பியின் வாய்ச்சவ்வு ரொம்ப மெல்லியது, கிழிந்து மீன் நழுவிவிடும்.