அரிய நோய்க்காக நடக்கப் போகிறீர்களா?

கதிர்காமப் பாதயாத்திரை மாமாங்கேஸ்வரர் ஆலயத்தைத் தொட்டுப் போவதைப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பு அமிர்தகழிக்கு நெடுநடை புதிதல்ல. 2011 ஜூலையில் ஒரு குழுவினர் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். புற்றுநோயை ஊருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அரிய நோயோ பெயரே தெரியாமல் வீட்டுக்குள் இருக்கிறது. பிள்ளை சோம்பேறி என்பார்கள், செய்வினை என்பார்கள், கடைசியில் தாயில் பழியைப் போடுவார்கள். அதனால் நடப்பவர் முதலில் நோயைப் படிக்க வேண்டும்.

டுஷேன் தசைச் சிதைவை எடுத்துக்கொள்வோம். உலக அளவில் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. மூன்று, நான்கு வயதில் பையன் அடிக்கடி விழுவான், கெண்டைக்கால் பருத்திருக்கும், தரையிலிருந்து எழும்பும்போது தன் தொடைகளிலேயே கையை ஊன்றி எழும்புவான். கிரியாட்டின் கைனேஸ் என்ற சாதாரண இரத்தப் பரிசோதனையே சந்தேகத்தை எழுப்பிவிடும். இந்நோய் உள்ள பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, தாயிடம் மரபணுக் குறை எதுவும் இல்லாமலேயே இது வருகிறது. துண்டுப்பிரசுரத்தில் வேறெதற்கும் இடமில்லாவிட்டாலும் இவ்வளவையும் அச்சிடுங்கள்.

அந்தப் பையனை உங்களோடு ஓட வைக்காதீர்கள். கடும் உடற்பயிற்சி அவன் தசையை மேலும் உடைக்கும். பயிற்சியில்லாமல் இறங்கும் திடகாத்திரமானவருக்கும் தசை உடையலாம்: சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியுங்கள். நடப்பவர் பேச்சுத் தடுமாறினால் நிழலில் கிடத்தி, உடலைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வாவியில் நீந்தும் சவால் வேண்டவே வேண்டாம். அங்கே முதலைகள் உண்டு.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் ரக்பி வீரர் கெவின் சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மரதன் ஓடினார். இயக்க நரம்பணு நோயால் பாதிக்கப்பட்ட நண்பர் ரொப் பரோவுக்காக ஓடிய ஓட்டம் அது. பரோ தன் நோயைத் தானே உலகுக்குச் சொன்னவர். நம் ஊர்ப் பிள்ளையின் படம் பதாகையில் ஏறுமுன் அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா? பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். விவரம் புரியும் வயதென்றால் பிள்ளையின் விருப்பமும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலையும் சிறுவரின் தகவலையும் விசேட வகைக்குள் வைக்கிறது. நாளை அந்தக் குடும்பம் மனம் மாறினால் படத்தை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

பணம் சேர்த்தால் தனிக் கணக்கு, இரண்டு பேரின் கையொப்பம், வரவுசெலவு எல்லோரும் பார்க்கும்படி. ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் பணம் போடச் சொல்லும் நடையை நான் நம்பமாட்டேன்.

அரச வைத்தியசாலையில் ஒரு மருந்தோ பரிசோதனையோ ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். நடை முடியும் இடத்தில் மேடைக்குப் பதிலாக ஒரு மேசை போட்டு, தகவல் கோரும் விண்ணப்பத்தை எழுதித் தர இரண்டு பேரை உட்கார வையுங்கள்.