பனிச்சறுக்கில் பயந்தவர் விழுவார்!

காஷ்மீரில் உள்ள குல்மார்க். சுமார் 8,700 அடி உயரம். குளிர்காலத்தில் இங்கு பனிச்சறுக்கு பழக வருகிறவர்களுக்கு முதல் எதிரி பனி அல்ல, பயம்!

சரிவைப் பார்த்ததும் நெஞ்சு "திக் திக்" என்று அடிக்கும். "ஐயய்யோ, விழுந்துடுவோம்!" உடம்பு தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் ஆபத்து! பாரம் குதிகாலுக்குப் போய்விடும். பலகையின் முன்பகுதி பனியைப் பிடிக்காது. திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது. தொபுக்கடீர்!

தப்ப வழி? முழங்காலை மடக்கி, முன்னால் சாய வேண்டும். பலகை முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும்.

மனதுக்குள் தன்னையே திட்டிக் கொள்வதும் தடைதான் என்கிறது, 1977-ல் வெளியான "இன்னர் ஸ்கீயிங்" புத்தகம்.

லேசான சரிவில் நாலைந்து தடவை நின்று பழகினால், "நம்மால நிறுத்த முடியும்" என்ற தைரியம் வரும். பயத்துக்கு மருந்து அதுதான்!