உறைந்த ஏரியும் தூண்டிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடியில், கனடாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் மின்னசோட்டா மாநிலத்தில், 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,000-க்கு மேல் உண்டு. அவற்றுள் முழுவதும் அம்மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் மிகப் பெரியது ரெட் ஏரி. 1,100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான விஸ்தீரணம் கொண்ட அவ்வேரி, நடுவே ஒடுங்கிய ஒரு நீர்வழியால் மேல் ஏரி, கீழ் ஏரி என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கீழ் ஏரி முழுவதும், மேல் ஏரியின் பெரும்பகுதியும், அப்பிரதேசத்தின் பூர்வ குடிகளாகிய ரெட் லேக் ஒஜிப்வே மக்களுக்கு உரியவை. மேல் ஏரியின் கீழ்த்திசைப் பகுதி மட்டுமே மாநில அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அப்பகுதியில் ஓர் ஊரே எழுந்துவிடுகிறது. கரையில் விடுதி நடத்துபவர்கள் உறைந்த நீரின்மேல் பனியை ஒதுக்கிச் சாலை அமைத்துக் கட்டணம் வசூலிக்கிறார்கள். அச்சாலை வழியே வாகனங்களும், அவை இழுத்துச் செல்லும் மரக்குடில்களும் சாரி சாரியாக ஏரிக்குள் செல்கின்றன. பனியில் துளையிட்டு மீன் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கூடுகிறார்கள்.

ஏரி உறைந்த பின்னும் அதனடியில் மீன் எவ்வாறு உயிர் தரிக்கிறது என்பது வெப்ப நாட்டில் பிறந்த நமக்கு இயல்பாக எழும் கேள்வி. மற்றப் பொருள்கள் பெரும்பாலும் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்துக்கொண்டே போக, நீரானது 4 டிகிரி செல்சியஸ் அளவில் தன் உச்ச அடர்த்தியை எய்தி, அதற்கும் கீழே குளிரும்போது மறுபடியும் விரிந்து லேசாகிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்கி, ஏரி முழுவதும் அந்த அளவுக்கு வந்து சேர்ந்த பிறகு, அதனினும் குளிர்ந்த நீர் மேலேயே தங்கி அங்கேயே உறைகிறது. உறைந்த கட்டியோ நீரைவிட லேசானதாகையால் மிதந்து ஒரு மூடியாகிவிடுகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரி வரை குளிர் இறங்கும் இரவுகளிலும் அம்மூடியின் கீழே நீர் நீராகவே இருக்க, மீன்கள் தம் உடலின் இயக்கங்கள் தணிந்து, குறைந்த ஆகாரத்தைக் கொண்டு காலம் கழிக்கின்றன. இயற்கையின் இந்த ஒரு விதி வேறாக இருந்திருந்தால், வடதேசத்து ஏரிகளில் வசந்தத்தைக் காண ஒரு மீனும் மிஞ்சியிருக்காது.

அந்த மூடியின் கனத்தை அறிவதுதான் பனிக்கால மீன்பிடிப்பின் முதற்பாடம். தெளிவாகவும் கறுப்பாகவும் தோன்றும் புதிய பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஒருவர் அதன்மேல் நடக்கலாம் என்றும், சிறிய கார் ஒன்று செல்ல 9 அல்லது 10 அங்குலமாவது வேண்டும் என்றும் மாநில இயற்கை வளத்துறை அறிவுறுத்துகிறது. பனி பெய்து, ஈரத்தில் ஊறி, மீண்டும் உறைந்து உண்டாகும் வெண்பனிக்கட்டிக்கு ஏறத்தாழ அதில் பாதி வலிமையே உண்டு. வசந்தத்தின் வெயில் பட்டுப் பளிங்குகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு தளர்ந்துவிட்டால், ஓரடிக் கனமுள்ள பழைய பாளமும் நம்பத்தக்கதன்று. ஆகவே அனுபவசாலிகள் கண்ணை நம்பி அடியெடுத்து வைப்பதில்லை. கையில் கூர்மையான இரும்புக் கடப்பாரை ஒன்றைப் பிடித்து, இரண்டடிக்கு ஒரு முறை முன்னே ஓங்கிக் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். குத்து கெட்டியாக ஒலித்தால் மேலே செல்கிறார்கள், முனை உள்ளே இறங்கினால் வந்த அடித்தடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். கழுத்தில் மாலையாகத் தொங்கும் இரண்டு கூரிய முட்கள், நீரில் விழ நேர்ந்தால் பனி விளிம்பில் குத்திப் பற்றிக் கரையேறுவதற்கானவை.

மேல் ரெட் ஏரியில் இந்த ஜாக்கிரதைக்குத் தனிக் காரணம் உண்டு. அதன் ஆழம் பெரும்பாலும் 15 அடிக்குள் அடங்கிவிடுவதால், அது விரைவில் குளிர்ந்து, சுற்றுவட்டார ஏரிகளுக்கு முன்பே, பல ஆண்டுகளில் நவம்பர் இறுதிக்குள்ளாகவே உறைந்துவிடுகிறது. தென்பகுதி நகரங்களிலிருந்து மக்கள் மணிக்கணக்கில் பிரயாணம் செய்து முதலில் இங்கு வருவதும் அதனால்தான். ஆனால் தடையில்லாத அந்தப் பரந்த வெளியில் காற்று பலமாக வீசும்போது, இளம் பனிப்பாளம் பிளந்து, கரையை விட்டு விலகி மிதக்கத் தொடங்கிவிடும். 2023 டிசம்பர் 29 அன்று அவ்வாறு பிரிந்த பாளத்தின்மேல் சிக்கிக்கொண்ட 122 பேரை மீட்புப் படையினர் படகுகளின் உதவியால் கரை சேர்த்தார்கள். அந்தக் குளிர்காலமே மின்னசோட்டாவின் வரலாற்றில் மிக வெப்பமான குளிர்காலமாகப் பதிவாயிற்று என்பதையும் சேர்த்து நினைத்தால், இச்சம்பவத்தின் பொருள் விளங்கும்.

பாளம் உறுதியானபின் பிடிப்பவரின் வேலை தொடங்குகிறது. திருகாணி வடிவான துரப்பணத்தை நிறுத்தி முடுக்கினால், வெண்துகள் சுழன்று சுழன்று மேலே குவிந்து, கடைசியில் ஒரு தள்ளலோடு நீர் பொங்கி வருகிறது. துளையின் வாயில் மிதக்கும் சேற்றுப் பனியைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, ஒரு முழத்துக்கும் கொஞ்சம் அதிகமான குட்டைத் தூண்டிற்கோலிலிருந்து நரம்பை இறக்குகிறார்கள். முள்ளில் குத்திய சிறுமீன், ஏரியின் அடித்தளத்துக்கு ஓரடி மேலே நிற்க வேண்டும். கோலை மெதுவாக உயர்த்தி, தாழ்த்தி, பிறகு அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மீன் பெரும்பாலும் கவ்வுவது அந்த அசைவற்ற கணத்தில்தான். குளிரில் அதன் சுபாவம் மந்தமாகிவிடுவதால் கோடையைப் போல் வெடுக்கென்று இழுப்பதில்லை. கோலின் நுனி நூலளவு தாழ்வதைக் கவனித்து அறிய வேண்டியிருக்கிறது. குடிலுக்குள் அடுப்பு வைத்திருப்பவர்கள் காற்றோட்டத்துக்கு வழி விட்டே உட்கார வேண்டும்; அடைத்த அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயு மணமில்லாமல் உயிரைக் குடித்துவிடும்.

அவர்கள் நாடி வரும் மீன், 1965 முதல் மின்னசோட்டாவின் மாநில மீன் என்ற கௌரவம் பெற்றிருக்கும் வால்ஐ. வெண்மையான, மிருதுவான, சிறுமுள் அதிகமில்லாத தசை அதற்கு. விழித்திரையின் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்குப் பார்வை தெளிவு. ஆகவே பொழுது புலரும் வேளையிலும் சாயும் வேளையிலும் இரை தேடுகிறது. வடக்குப் பைக், கிராப்பி, மஞ்சள் பெர்ச் ஆகிய மீன்களும் அந்நாட்டுத் துளைகளில் அகப்படுவதுண்டு. பனி பொழிந்து ஒளி உள்ளே புகாமற்போனால் நீர்த்தாவரங்கள் பிராணவாயு தருவதை நிறுத்திவிடுமாகையால், பருவத்தின் நடுவே பல ஏரிகளில் மீனின் நடமாட்டம் இன்னும் சுருங்கிவிடுகிறது; ஆழமற்ற சில குட்டைகளில் மீன் கூட்டமாக மடிவதும் உண்டு.

இன்று இவ்வளவு பேருக்கு மீன் தரும் இந்த ஏரி, ஒரு காலத்தில் வால்ஐ மீன் அடியோடு அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. முதல் உலக யுத்தத்தின்போது உணவுத் தட்டுப்பாட்டைப் போக்க 1917-இல் இங்கே வியாபார மீன்பிடிப்பு தொடங்கியது. 1929-இல் ஒஜிப்வே மக்கள் கூட்டுறவுச் சங்கமாகக் கூடி அதை நடத்தினார்கள். அளவு மீறிய வலைவீச்சும், கணக்கில் வராத விற்பனையும், மாநிலப் பகுதித் தூண்டில்காரர்களின் பேராசையும் சேர்ந்து, 1990-களின் நடுவில் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய வளர்ந்த மீன்களே இல்லாதபடி செய்துவிட்டன. அந்நிலையில் 1997-இல் ஒஜிப்வே மக்கள் தாங்களே முன்வந்து வியாபார மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1999-இல் மாநில அரசும் தன் பகுதியில் வால்ஐ பிடிப்பதைத் தடை செய்தது. பழங்குடிச் சபையும் மாநில, மத்திய நிர்வாகங்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்து, கோடிக்கணக்கான குஞ்சுகளை ஏரியில் விட்டன. வால்ஐ இல்லாத அந்த இடைக்காலத்தில் கிராப்பி பெருகிக் குளிர்காலத் தூண்டில்காரர்களுக்கு ஆறுதல் அளித்தது. வருஷங்கள் சென்று, விட்ட குஞ்சுகள் வளர்ந்து தாமே முட்டையிடத் தொடங்கியதை உறுதி செய்துகொண்ட பிறகே, 2006-இல் தடை நீங்கியது.

ஜீவனோபாயத்துக்கு அந்த மீனையே நம்பியிருந்த மக்கள், எவருடைய கட்டாயமும் இல்லாமல் தம் வலையைச் சுருட்டி வைத்தார்கள் என்பதை நான் சாதாரண விஷயமாகக் கருதவில்லை. அரசாங்கத்தின் சட்டமும் விஞ்ஞானிகளின் குஞ்சுப் பண்ணையும் அதற்குத் துணை நின்றன. எனினும் அடிப்படை, கையிலிருக்கும் லாபத்தை விட்டுக்கொடுக்க ஒரு சமூகம் மனமுவந்து செய்த தீர்மானமே. இப்போது பிடிக்கும் அளவும் நீளமும் மீன்வளத்தின் கணக்கைப் பார்த்து அவ்வப்போது மாற்றி நிர்ணயிக்கப்படுகின்றன. ஒருவர் ஒரு நாளில் கொண்டுபோகக்கூடிய மீன் சிலவே. குளிர்காலங்கள் சூடேறி, பாளம் தாமதமாக உறைந்து சீக்கிரம் உருகும் இந்நாளில், மீனின் விஷயத்தில் அம்மக்கள் காட்டிய அதே நிதானத்தைப் பனியின் விஷயத்திலும் தூண்டில்காரர்கள் காட்ட வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் ஏரிக்குள் சென்றுவிட்டார்கள் என்பது ஒருவர் செல்வதற்குக் காரணமாகாது; கடப்பாரை சொல்வதே காரணமாக வேண்டும். மீனும் பனியும் தம் முதிர்ச்சியை அடையும் வரையில் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கே அந்த ஏரி தலைமுறை தலைமுறையாக உணவளிக்கும்.