மேலே பளபளப்பு... அடியில் துரு! பழைய லேண்ட் ரோவரைக் காப்பாற்றும் வீட்டு மெக்கானிக்குகள்

பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கும் பலருக்கு, விடுமுறை நாள் என்றால் வண்டிக்கு அடியில்தான் பொழுது போகும்!

1948-ல் அறிமுகமான வண்டி இது. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால், பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதற்குத் துரு பிடிக்காது. ஆனால், மொத்த வண்டியையும் தாங்கும் சேஸிஸ் எஃகு! மழையும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

அதனால் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். 'டங்' என்றால் நிம்மதி. 'பொத்' என்றால் ஆபத்து. அரித்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். சிலர் துத்தநாகம் பூசிய புது சேஸிஸையே மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான பாகங்கள் போல்ட்டில் பூட்டியவை என்பதால், வீட்டிலேயே கழற்றி மாட்ட முடிகிறது.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டில் மயங்காதீர்கள், குனிந்து அடியைப் பாருங்கள்!